சீட்டுப் பணத்தில் பிழைத்தவள்

எங்கள் துமியாத்காரர்களின் கஞ்சத்தனத்தைப் பற்றி எகிப்து முழுக்க ஒரு கேலி உண்டு. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், "சாப்பிடறீங்களா, இல்ல லேசான வயித்தோட படுத்துக்கறீங்களா?" என்று கேட்பார்களாம். அப்பேர்ப்பட்ட ஊரில் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து, கைக்காசு போட்டு, ஒரு நாவலை அச்சடித்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்? கெய்ரோவில் ஒருவரும் நம்பவில்லை. அந்த நாவல் பெரிய பரிசின் இறுதிப் பட்டியலில் ஏறிய பிறகும், இதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

எழுதியவள் நக்லா. கல்யாணப் பெண்களுக்குக் கட்டிலும் பீரோவும் விற்கும் கடையில் வேலை. நாற்பது தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். "ஊருக்கெல்லாம் கட்டில் விக்கிறா, தனக்கு ஒண்ணு போட்டுக்கத் தெரியல" என்று சொல்லாத வாய் தெருவில் கிடையாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் வராத மதியங்களில், விற்காத மேஜை ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் எழுதினாள். வார்னிஷ் பூசுகிறவன் ஒருவனின் மனைவி ஹனியாவின் கதை. பேர், 'வார்னிஷ் வாசம்'.

எழுதி முடித்ததும் கெய்ரோவுக்குப் போய் ருஷ்தி என்ற பதிப்பாளரிடம் கொடுத்தாள். ருஷ்தி முழுதும் படித்தார். அந்த ஒரு புண்ணியத்தை மறுக்கக் கூடாது.

"கடைசி அத்தியாயம் இருக்கே, மேடம்! நைல் கடல்ல கலக்கற அந்த முனையில ஹனியா தண்ணிக்குள்ள இறங்கிப் போற இடம்... நான் அழுதுட்டேன். நிஜமா அழுதேன்."

"அப்போ போடறீங்களா, உஸ்தாத்?"

"அச்சுச் செலவை நீங்க ஏத்துக்கிட்டா அடுத்த மாசமே கொண்டுவந்துடலாம்."

கண்ணீர் இலவசம், காகிதத்துக்குத்தான் காசு. நக்லா கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

ஊரில் அவளுக்கு இருந்த ஒரே சேமிப்பு வியாழக்கிழமைச் சீட்டு. மாதத்தின் முதல் வியாழன், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஹஜ் போய் வந்த கோழிக்கடைக்காரி ஹாஜா இன்ஷிராஹ் வீட்டு மாடியில் பெண்கள் கூடுவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள், அந்த மாதம் யார் முறையோ அவள் மொத்தமாக எடுத்துப் போவாள். அவசரம் என்று வந்தால் முறையை மாற்றிக்கொடுப்பதும் உண்டு. மகள் கல்யாணம் அவசரம். புருஷனின் குடலிறக்க ஆபரேஷன் அவசரம். உயிரை விட்டுவிட்ட ஃபிரிட்ஜ்கூட, ஆகஸ்ட் மாதமாக இருந்தால், அவசரம்தான்.

"ஹாஜா, இந்தத் தடவை எனக்கு முன்னாடியே வேணும்."

ஹாஜா இன்ஷிராஹ் முகம் மலர்ந்தது. "மாப்பிள்ளை அமைஞ்சுட்டானா?"

"இல்ல. நாவல் அச்சடிக்கணும்."

"அது என்னடி வியாதி? எங்க வலிக்குது?"

மாடியே அதிர்ந்தது சிரிப்பில். நக்லாவும் சிரித்தாள், வேறு என்ன செய்வாள்? சிரித்து முடித்த ஹாஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "முன்சீட்டு கிடையாது. அது கல்யாணத்துக்கும் ஆபரேஷனுக்கும். ஆனா சரக்கு என்னன்னு காட்டு. கொஞ்சம் படி, கேப்போம். பிடிச்சா சீட்டுக்கு மேல தனியா ஏதாவது போடறோம். பிடிக்கலைன்னா டீயைக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போறோம். சம்மதமா?"

அன்று முதல் அத்தியாயத்தைப் படித்தாள். டீ ஆறியது. படித்து முடித்தாள். ஹாஜா உள்ளே போய் ஒரு காலி நெய் டின்னைக் கழுவிக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள், தன் இடுப்பு முடிச்சை அவிழ்த்து முதல் நோட்டைப் போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். துமியாத்தில், ரசீது கேட்காமல்!

அதற்குப் பிறகு வியாழக்கிழமை என்றால் ஹனியாதான். டி.வி. தொடரைக்கூட விட்டுவிட்டு வந்தார்கள். ஹனியாவின் மாமியாரை இவர்கள் எல்லாரும் சேர்ந்து திட்டிய திட்டை எழுதியிருந்தால் அது தனி நாவலாகியிருக்கும். ஒரு மாதம் நக்லா அவசரத்தில் எழுதியிருந்த அத்தியாயம் ஒன்றைப் படித்தாள், டின்னில் ஒரு நாணயம்கூட விழவில்லை. "இந்த மாசம் கட்டில்ல கரையான் அரிச்ச கட்டையைச் சேத்துட்டே" என்றாள் ஹாஜா. நக்லா போய் அதைத் திருப்பி எழுதினாள். நன்றாகவே வந்தது. எந்தப் பதிப்பாளரிடமும் அவள் இப்படி அடி வாங்கியதில்லை.

ஒரு வருஷம் ஓடியது. டின் நிரம்பியது. கடைசி அத்தியாயம் வந்தது.

ருஷ்தியை அழவைத்த அத்தியாயம் அல்லவா, நக்லா நிதானமாக, குரலைத் தாழ்த்திப் படித்தாள். ஹனியா பாறைகளைத் தாண்டுகிறாள், நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இறங்குகிறாள், தலைத்துணி மட்டும் மிதக்கிறது. முற்றும். நிமிர்ந்து பார்த்தாள். ஹாஜா இன்ஷிராஹின் இரண்டு கையும் டின்னின் மூடிமேல் இருந்தன.

"பணம் கிடையாது."

"ஹாஜா?"

"ஒரு வருஷமா இவளுக்குச் சோறு போட்டு வளத்திருக்கோம். நீ கொல்றதுக்கா?"

"கதை அப்படித்தான் போகுது ஹாஜா. அவளுக்கு வேற வழியில்ல. இலக்கியம்னா..."

"உன் இலக்கியத்துல ஒரு பொம்பளையாவது வண்டியப் பிடிச்சு வீடு வந்து சேர மாட்டாளா?"

நக்லாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "கோழி வாங்க வந்தவ தொடைக்கறி வேணும், நெஞ்சுக்கறி வேணும்னு கேக்கலாம். கதையில அப்படிக் கேக்க முடியாது. உங்க காசு உங்ககிட்டயே இருக்கட்டும்!" என்று காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை.

படிக்கட்டில் பின்னாலேயே காலடிச் சத்தம். தலால். சீட்டுக் கூட்டத்தில் வாயே திறக்காத பெண். கல்யாணப் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறவள், கணவனை விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நக்லாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்தப் பாறை வரைக்கும் நீ எழுதினது எல்லாம் சரி. காத்து, வழுக்கல், எல்லாம் சரி. அதுக்கப்புறம் உனக்குத் தெரியல, அதான் அவளை உள்ள தள்ளிட்டே."

நக்லாவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் திரும்பி வந்தேன்" என்றாள் தலால். "பெருசா ஒண்ணும் நடக்கல. வானத்துலேருந்து குரல் கிரல் எதுவும் கேக்கல. செருப்பு நனைஞ்சுது, கால் சில்லுன்னு ஆச்சு, பசிச்சுது. சாக வந்தவளுக்குப் பசியான்னு எனக்கே வெக்கமா போச்சு. கரையில முஷப்பக் இனிப்புக் கடை இருந்துச்சு. சுடச்சுட வாங்கி நின்னுகிட்டே தின்னேன், பாகு கையெல்லாம் வழிஞ்சுது. அப்புறம் வேன்ல ஏறி வீட்டுக்கு வந்து பசங்களுக்குத் துணி தோச்சேன். இதான் நடந்தது. எழுதிக்கோ. ஆனா என் பேர் வெளிய வரக் கூடாது. பசங்களுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

நக்லா சத்தியம் செய்தாள். வீட்டுக்குப் போய் எழுதினாள். ஹனியா தண்ணீர் வரை போகிறாள், நிற்கிறாள், திரும்புகிறாள், தின்கிறாள், வேனில் ஏறுகிறாள். அடுத்த மாதம் முதல் வியாழன் அதைப் படித்தபோது ஹாஜா டின்னை அப்படியே தூக்கி அவள் மடியில் வைத்தாள்.

புத்தகம் வந்தது. பதிப்பகத்தின் பேர் போட வேண்டிய இடத்தில் 'வியாழக்கிழமைச் சீட்டு, துமியாத்' என்று போட்டார்கள். பரிசுக்கு அனுப்பச் சொன்னதும் ஹாஜாதான். "சும்மாத்தானே வாங்கிக்கறான்? அனுப்பு." இறுதிப் பட்டியலில் ஆறு நாவல்களில் ஒன்றாக அது வந்த அன்று கோழிக்கடை வாசலில் ஹாஜா போட்ட குலவையில் கூண்டுக்கோழிகள் மிரண்டு சிறகடித்தன. கெய்ரோ பத்திரிகை ஒன்று 'கோழிக்கடை இலக்கியம்' என்று தலைப்புப் போட்டது. ஹாஜா அதை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தாள். "விளம்பரத்துக்கு எவ்வளவு கேப்பான் தெரியுமா? ஓசியில வந்திருக்கு."

ஒரே ஒரு ஆள் மட்டும் நக்லாவுக்கு உடனே போன் செய்து வாழ்த்தினார். ருஷ்தி.

"மேடம், நமக்குள்ள இருக்கட்டும். நடுவர் குழுவுல நாலு பேரு, ரெண்டு ரெண்டா பிரிஞ்சு நிக்கறாங்க. தலைவர் டாக்டர் ஸாபித் ஓட்டுதான் பாக்கி. மேடையில எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேட்டுட்டு அப்புறம்தான் போடுவார். அவருக்கு உங்க நாவல் மேல உயிர். ஆனா அந்தக் கடைசி அத்தியாயம் மட்டும் தொண்டையில சிக்குது. இவ்வளவு பெரிய சோகத்தை எழுதிட்டு, ஸ்வீட் தின்ன வெச்சா எப்படி?"

"அதுக்கு?"

"அப்போ நகல் எடுத்து வெச்சிருந்தேன், உங்க பழைய முடிவை அவர்கிட்ட காட்டினேன். மனுஷன் அசந்துட்டார்."

"என்னோட கையெழுத்துப் பிரதியைக் காட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தா?"

"உங்க நல்லதுக்குத்தானே மேடம்! ஒரே ஒரு வாக்கியம். 'அடுத்த பதிப்புல என் சொந்த முடிவு வரும்'னு மேடையில சொல்லுங்க. பரிசு உங்களுக்கு, அடுத்த பதிப்பு எனக்கு. இந்தத் தடவை அச்சுச் செலவு முழுக்க என்னோடது."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, முடியாது என்று தான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? பரிசு கிடைத்தால் கட்டில் விற்க வேண்டாம். வேறு மொழிகளில் வரும். ஆனால் அது மட்டும் இல்லை. பழைய முடிவை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தாள். அழகாக இருந்தது. உண்மையிலேயே அழகு. ஒவ்வொரு வாக்கியமும் மெருகேற்றிய தேக்குபோல. புதிய முடிவு அப்படி இல்லை. அதில் வேன் இருக்கிறது, பிசுக்கு இருக்கிறது, நனைந்த செருப்பு சளக் சளக் என்கிறது. இதை நான் தலாலுக்காக எழுதினேனா, டின்னுக்காக எழுதினேனா? மூடியின்மேல் இருந்த அந்த இரண்டு கைகள் இல்லாவிட்டால் எழுதியிருப்பேனா? இந்த முள் அவளை ஒரு மாதம் குத்திக்கொண்டே இருந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நாவலில் வரும் பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் இறந்தால்தான் பொன்.

விழாவுக்கு வந்த அழைப்பில் 'ஆசிரியரும் பதிப்பாளரும்' என்று இருந்தது. பதிப்பாளர் பத்துப் பேர். ஹாஜா ஒரு வேன் பேசினாள், போகிற வழிக்கு வெள்ளைச் சீஸும் ரொட்டியும் கட்டினாள். கெய்ரோவில் அரங்க வாசலில் கோட் போட்ட இளைஞன் மறித்தான்.

"இதுல யாரும்மா பதிப்பாளர்?"

"எல்லாரும்தான்."

"ஒருத்தருக்குத்தான் இடம், ஹாஜா."

"அப்படியா ராசா? அப்போ புத்தகத்துல பத்துல ஒரு பங்கை மட்டும் உள்ள வெச்சுக்கோ. மிச்சத்தை நாங்க வேன்ல ஏத்திட்டுப் போறோம்."

அவன் உள்ளே போய் யாரிடமோ பேசினான். கடைசி வரிசையில் நாற்காலிகள் போட்டார்கள்.

மேடையில் ஆறு எழுத்தாளர்கள். நக்லாவைத் தவிர மற்றவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், கட்டியணைத்துக் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள். முன்வரிசையில் ருஷ்தி, அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். தலைவர் டாக்டர் ஸாபித் நல்ல மனிதர்தான். நரைத்த தலை, இனிய குரல். அவளைத் தாழ்த்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. அதுதான் தொல்லையே.

அவள் முறை வந்தது.

"சகோதரி நக்லா, உங்க நாவலை நான் ரெண்டு தடவை படிச்சேன். கடைசி அத்தியாயம் வரைக்கும் என்னால கீழ வைக்க முடியல. அப்புறம்..." அவர் புன்னகைத்தார். "அந்த எல்லைக்குப் போன பெண் பசிக்குதுன்னு திரும்பி வரமாட்டா. வாழ்க்கையில அப்படி நடக்காது. துமியாத்காரங்க போட்ட காசு வீணாகக் கூடாதுன்னு திரும்பி வந்தாளோ என்னமோ!"

அரங்கம் சிரித்தது. நக்லாவின் கண் தானாகக் கடைசி வரிசைக்குப் போனது. ஒன்பது பெண்கள் சிரிப்பின் காரணம் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலால் மட்டும் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். வாழ்க்கையில் நடக்காது என்று அவர் சொன்னது அங்கேயே அமர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நக்லாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நடந்தது டாக்டர், இதோ இங்கேயே இருக்கிறாள், எழுந்து நிற்கச் சொல்லட்டுமா? ஒரு வாக்கியம் போதும், அரங்கம் வாயடைத்துப் போகும். பல்லைக் கடித்து விழுங்கினாள். கொடுத்த சத்தியம் மேடைக்காகக் கொடுத்தது அல்ல.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் தலைவர். "மனசு விட்டுச் சொல்லுங்க. அந்தப் பெண்கள் காசு போடாம இருந்திருந்தா, நீங்க சுதந்திரமா எழுதியிருந்தா, இந்த நாவல் எப்படி முடிஞ்சிருக்கும்?"

முன்வரிசையில் ருஷ்தி உதட்டை அசைத்து அந்த வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தார்.

அதற்கு அவள் சொன்ன பதிலால் முதல் பரிசு போயிற்று. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேறொரு நாவலுக்குப் போனது, அதில் கதாநாயகி கடைசிப் பக்கத்தில் விஷம் குடிக்கிறாள். ஆனால் குழுவில் இரண்டு பேர் பிடித்த பிடியை விடவில்லை, எழுந்து போய்விடுவோம் என்றார்களாம். இரண்டாம் பரிசை 'வார்னிஷ் வாசம்' வாங்கியது. சீட்டுப் பணத்தில் அச்சான புத்தகத்தின் பேரை அந்த மேடையில் வாசித்தது அதுவே முதல் தடவை. வாசித்தவரும் டாக்டர் ஸாபித்தேதான், பதிப்பகத்தின் பேரோடு.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். நக்லா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"செத்திருப்பா, டாக்டர்."

"பார்த்தீங்களா!" என்று தலைவர் அரங்கத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "அப்போ உங்க சொந்த முடிவு அதுதான்."

"சொந்தம்தான். நானே எழுதினேன், ரொம்ப நல்லாவும் எழுதினேன். இங்க இருக்கற ஒரு பதிப்பாளர் படிச்சுட்டு அழுதார். நீங்களும் படிச்சு அசந்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்." ருஷ்தி நாற்காலியில் நெளிந்தார். நக்லா நிறுத்தவில்லை. "அவ சாவை எல்லாருமே பாராட்டினீங்க. ஆனா அதுக்கு ஒருத்தரும் பத்துக் காசு போடல. அவ உயிரோட இருக்கணும்னு காசு போட்டது அந்தக் கடைசி வரிசைதான். ஆமா, காசுக்குத்தான் முடிவை மாத்தினேன். வெக்கமா இருந்துச்சு, இவ்வளவு நாளா. இப்போ இல்ல. அவளைக் கொல்றது எனக்குச் சுலபமா வந்துச்சு, டாக்டர். அவ வீட்டுக்கு வந்து சேர்ற வழிதான் எனக்குத் தெரியல. அவங்கதான் என்னைப் பிடிச்சு நிறுத்தி, தெரிஞ்சுக்கிட்டு வான்னு அனுப்பினாங்க. அடுத்த பதிப்பு வந்தாலும், அதுக்கடுத்த பதிப்பு வந்தாலும், அவ அந்த வேன்ல ஏறுவா. பாகு ஒட்டின கையோட ஏறுவா."

யாரும் கைதட்டவில்லை. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தலால் எழுந்து நின்றாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. டாக்டர் ஸாபித் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏதாவது கேக்கணுமாம்மா?"

"இல்லீங்க" என்றாள் தலால். "சும்மா நிக்கறேன்."

ஹாஜா இன்ஷிராஹ் அவளை அண்ணாந்து பார்த்தாள். தலால் அந்தப் பாறை வரை போய் வந்தது அவளுக்கு அன்றுவரை தெரியாது. அந்த நிமிஷம் என்ன தெரிந்ததோ, உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தன் பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, அவளும் பக்கத்தில் எழுந்து நின்றாள்.